ரூம் ஓசி, சோறு முப்பத்து நாலாயிரம்

"பாளையங்கோட்டையிலருந்து குத்தாலத்துக்கு ரூம் போட்டுத் தங்கப் போற ஆளு உலகத்துலயே நீருதாம்வே" என்று நண்பர் ஒருவர் சிரித்தபோது, அவர் வாயை அடைக்க என்னிடம் ஒரு பதில் இருந்தது. "ரூம் ஓசிவே. மெம்பர்ஷிப் நாள் மிச்சம் கிடக்கு, விட்டா காலாவதி ஆயிரும்." திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. இப்போது அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை.

கதை இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாடு போட்டு, பரிசுக் கூப்பன் கொடுத்து, டை கட்டின ஒரு பையன் மூன்று மணி நேரம் பேசி எங்கள் தலையில் ஒரு டைம்ஷேரை, அதாவது வருஷாவருஷம் ரிசார்ட்டில் தங்குகிற மெம்பர்ஷிப்பை, கட்டினான். இருபத்தைந்து வருஷம், வருஷத்துக்கு ஏழு ராத்திரி. அன்றைக்கு அவன் சொன்னதில் என் வீட்டுக்காரிக்கு இன்றைக்கும் அச்சு மாறாமல் நினைவிருக்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "ரூமுக்குள்ளயே கிச்சன் இருக்கும் மேடம், உங்க வீடு மாதிரி நீங்களே சமைச்சுக்கலாம்." அந்தக் கிச்சனுக்காகத்தான் அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதால் நான் கையெழுத்துப் போட்டேன். பழியை அவள் மேல் போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் ஜூலையில் சாரல் நன்றாக விழுந்தது. கேட்ட மலைப்பிரதேசம் எதுவும் கிடைக்கவில்லை. குற்றாலம் பக்கம் நாலு ராத்திரி கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு சொல்லி, வியாழன் போய் திங்கள் திரும்புவதாக ஏற்பாடு. புக் செய்த இரண்டாம் நாள் போன் வந்தது. மீல் பிளான் எடுத்துக்கிறீங்களா சார்? இப்பவே கட்டினால் தள்ளுபடி, அங்கே வந்து கேட்டால் முழு ரேட். சீசன் நேரம் சார், வெளியே ஒரு கடையிலயும் உட்கார இடம் இருக்காது சார்.

குற்றாலத்தில் சாப்பாடு கிடைக்காது என்று ஒரு திருநெல்வேலிக்காரனிடம் சொல்லுகிறாள். நானும் நம்பினேன். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இந்தப் பிளான்களுக்கு இருக்கிற பெயர்களைப் பாருங்கள். வெறும் அறை என்றால் யூரோப்பியன் பிளான். காலை டிபன் சேர்ந்தால் கான்டினென்டல். டிபனோடு இன்னொரு வேளை சேர்ந்தால் மாடிஃபைட் அமெரிக்கன். மூன்று வேளையும் என்றால் முழு அமெரிக்கன். தென்காசியில் இறங்கி சாம்பார் சாதம் தின்பதற்கு நடுவில் அமெரிக்கா எதற்கு என்று கேட்டால் போனில் பேசிய அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, எனக்குப் பில் வந்தது.

மூன்று வேளைக்கும் சேர்த்து, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,800. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுவரை அரை. என் மகனுக்குப் பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆகவே அவனும் பெரியவன். நான், வீட்டுக்காரி, அம்மா, பெரியவனாகிவிட்ட மகன், அரைக் கணக்கில் மகள். நாளொன்றுக்கு 8,100. நாலு நாளைக்கு 32,400. அதற்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 34,020. மெம்பர்ஷிப்புக்கு இந்த வருஷம் கட்டின பராமரிப்புக் கட்டணமே வரியோடு சேர்த்து இருபத்தோராயிரம்தான். வீட்டு வாடகையை விடப் பால்காரன் பாக்கி அதிகம் என்பது மாதிரி.

அம்மாவுக்கு வயது 72, சர்க்கரை. ராத்திரி இரண்டு இட்லி, மிஞ்சிப்போனால் ஒரு கோதுமை தோசை. "அவங்களுக்கு மட்டும் வேண்டாமே" என்றேன். அறையில் தங்குகிற எல்லாருக்கும் எடுத்தால்தான் பிளானாம். இரண்டு இட்லிக்கு என் அம்மா ஒரு பஃபே கட்டணம் கட்டினாள்.

வாசலில் முதல் சங்கதி. அம்மா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிண்டி, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் அரைத்து, தூக்குச்சட்டியில் கட்டி எடுத்து வந்திருந்தாள். வெளி உணவு உள்ளே கொண்டு போகக் கூடாது என்று செக்யூரிட்டி மறித்தார். அம்மா காரை விட்டு இறங்கியே விட்டாள். "எய்யா, புளிச்சோறுதான்யா. உள்ள வெடிகுண்டா கட்டிக் கொண்டாந்திருக்கேன்?" அந்த மனிதருக்குச் சங்கடம். தென்காசிப் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. "ஆச்சி, எனக்கு என்ன ஆச்சி இருக்கு, மேல கேமரா இருக்கு" என்றார். அம்மா தூக்கை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, "கெட்டுப் போறதுக்குள்ள நீயே தின்னுரு" என்று உள்ளே வந்துவிட்டாள்.

உள்ளே கிச்சன் இருந்தது. இன்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், சிங்க், எல்லாம். பாத்திரம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வெளிச் சோறு வரக் கூடாது, பாத்திரத்துக்குக் காசு, அப்புறம் எதற்கய்யா அந்த அடுப்பு? என் வீட்டுக்காரி அந்த அடுப்பின் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டாள். நாலு நாளும் அதற்குத்தான் பயன்பட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். குற்றாலத்துக்கு ஏன் போகிறோம்? குளிக்க. சீசனில் எப்போது குளிக்க முடியும்? விடிவதற்கு முன்னால். எட்டு மணிக்கு மேல் பேரருவியில் தலை நுழைக்க முடியாது. சனி, ஞாயிறு என்றால் ஐந்தருவியில் வரிசையே ஒரு யாத்திரை. ஐந்தரைக்குக் கிளம்பி, தண்ணீர் முதுகில் சம்மட்டியாக அடிக்க நின்று, மனசில்லாமல் வெளியே வந்து, மறுபடி ஒரு தடவை உள்ளே போய், திரும்பி வந்தால் மணி பத்து இருபது. டிபன் பத்து மணியோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை தெரியாமல் விட்டோம், சனிக்கிழமை தெரிந்தே விட்டோம். அருவிக் குளியல் முடிந்ததும் வருகிற பசி சாதாரணப் பசி அல்ல. அது ரிசார்ட்டு வரைக்கும் காத்திருக்காது. ஈரத் தலையோடு, கை நடுங்க, அங்கேயே வாழைக்காய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் கேட்கும். கட்டின டிபன் அங்கே ஆறிக்கொண்டிருக்க, கைக்காசுக்கு இங்கே தின்றோம். "பார்சலாவது கொடுங்களேன்" என்றதற்கு "பாலிசி இல்ல சார்" என்றார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தோம். பன்னீர் பட்டர் மசாலா, நூடுல்ஸ், ஏதோ ஒரு வெள்ளைச் சாஸில் மிதக்கிற காய். ஓரத்தில் ஒரு பலகை: 'திருநெல்வேலி ஸ்பெஷல் சொதி'. அம்மா முகம் மலர்ந்தது. தட்டில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிவார்கள். தேங்காய்ப்பால் வயிற்றைப் பிடிக்காமல் இருக்கக் கூடவே இஞ்சித் துவையல். இங்கே அந்தப் பாத்திரத்துக்கு அடியில் பன்னிரண்டு மணியிலிருந்து நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. முதல் பால் திரிந்து, மேலே எண்ணெய் தனியாக, கீழே திப்பி தனியாக நின்றது. இஞ்சித் துவையல் எங்கே என்று கேட்டேன். பரிமாறுகிற வடநாட்டுப் பையன் ஊறுகாயைக் காட்டினான். பாவம், அவன் என்ன செய்வான். "இது சொதிக்குச் செத்தவீடு" என்றாள் அம்மா. நல்லவேளை, அவனுக்குப் புரியவில்லை.

அதே சுவரில்தான் ஒரு வேளைக்கு மட்டும் சாப்பிட வருகிறவர்களுக்கான விலைப்பட்டியல் மாட்டியிருந்தது. காலை 500, மதியம் 800, இரவு 850. கூட்டினால் 2,150. நான் கட்டியது 1,800. ஒரு நாளைக்கு ஆளுக்கு 350 ரூபாய் லாபம் என்று புக்கிங் போனில் சொன்னது பொய் இல்லை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று வேளையில் எந்த ஒரு வேளையை விட்டாலும் அந்த 350 போய் நஷ்டம் ஆரம்பிக்கிறது. மிகச் சின்ன வேளையான டிபனே 500. அதாவது நாளுக்கு மூன்று தடவை, சொன்ன நேரத்துக்கு, குடும்பத்தோடு அந்த மண்டபத்தில் ஆஜராகிறவனுக்கு மட்டும்தான் லாபம். ஊர் சுற்ற வந்தவனுக்கு இல்லை. இரண்டு வேளைப் பிளானும் இருந்தது, 1,300. தனித்தனியாகக் கொடுத்தால் 1,350. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு நாள் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டவேண்டுமாம்.

சனிக்கிழமை மதியம் பழைய குற்றாலம் போனோம், போச்சு. ராத்திரி பிள்ளைகள் பிரானூர் பார்டர் பரோட்டா இல்லாமல் ஊர் திரும்ப மாட்டோம் என்று அடம். செங்கோட்டைப் பக்கம் போய் அதுவும் ஆயிற்று. (அம்மா சைவம். செங்கோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் தோசை வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் தின்று திரும்பும்வரை காரில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.) ஞாயிறு மதியம் பாபநாசத்தில், அகஸ்தியர் அருவிக்குப் போன இடத்தில் போச்சு. திங்கள் மதியத்தையும் சேர்த்தால் (அந்தக் கதை பின்னால் வரும்), பன்னிரண்டு வேளைக்குக் கட்டி ஆறு வேளை தின்றிருக்கிறோம். அந்த ஆறு வேளைக்கு அவ்வப்போது காசு கொடுத்திருந்தால்கூட வரியோடு இருபதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான் ஆகியிருக்கும். பதின்மூன்றாயிரம் ரூபாய்ச் சோற்றை நான் தின்னாமலே ஏப்பம் விட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் ஜெயித்தேன். பிள்ளைகள் குடித்த எலுமிச்சை சோடா பிளானில் சேராதாம். தனிப் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, போன வருஷம் மார்ச்சில், 2025இல், டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடவா என்றேன். மறுபேச்சு இல்லாமல் அந்த வரியை அடித்துவிட்டார்கள். மிச்சம் 42 ரூபாய். அதையும் எழுதி வைக்கிறேன்.

மீல் பிளானே மோசடி என்று நான் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மூணாறில் எடுத்தோம், ஒரு குறையும் இல்லை. ரிசார்ட்டு டவுனிலிருந்து எட்டி மலை மேல் இருந்தது, ஏழு மணிக்கே பனி மூடிவிடும், அந்த வளைவுகளில் ராத்திரி கார் எடுத்துக்கொண்டு தோசைக்கு இறங்க எவனுக்குத் துணிச்சல் வரும்? பகல் முழுக்க நாங்களும் எங்கேயும் போகவில்லை. அங்கே அது சரி. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள், படி இறங்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்கள் எடுக்கட்டும். ஆனால் டைம்ஷேர்காரனின் கணக்கு ஒருநாள் தங்க வருகிறவன் கணக்கு அல்ல. அவன் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போவான், பஃபே அவனுக்குப் புதுசு. நாங்கள் நாலு நாள், ஏழு நாள் கிடக்கிறவர்கள். மூன்றாம் நாள் அதே பன்னீர் வேறு நிறத்தில் வருகிறது. அதுவும் வாசலைத் தாண்டினால் இட்லிக்கடை இருக்கிற ஊரில்!

திங்கட்கிழமை கிளம்பும்போதுதான் கடைசிக் கூத்து. பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பிளானில் எங்களுக்கு இன்னும் ஒரு மதியச் சாப்பாடு பாக்கி. அது ஆரம்பிப்பதோ பன்னிரண்டரைக்கு. "லாபியில வெயிட் பண்ணுங்க சார்" என்றார்கள். இரண்டரை மணி நேரம், ஐந்து பேர், ஈரத்துணிப் பை, மூட்டை முடிச்சோடு. கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். ரீஃபண்ட் இல்லையாம். அப்போ முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு வந்தோமே, அன்றைக்கு ஏன் மதியச் சாப்பாடு கணக்கில் இல்லை என்றால், "பிளான் டின்னர்லருந்துதான் சார் ஸ்டார்ட்". எந்த வேளையில் நாங்கள் இருக்க மாட்டோமோ அந்த வேளையைப் பார்த்து எங்களுக்கு எழுதி வைத்திருக்கிறான். பிளான் போட்டவன் கெட்டிக்காரன்.

வாசலில் அந்தச் செக்யூரிட்டி காரை நிறுத்தித் தூக்குச்சட்டியை நீட்டினார். பளபளவென்று கழுவியிருந்தது. "ஆச்சி, நாங்க மூணு பேரு தின்னோம். எள்ளுத் துவையல்தான் பத்தல" என்றார். "மொதல்லயே தெரிஞ்சா கூட அரைச்சிருப்பேன்லா" என்றாள் அம்மா.

பாவூர்சத்திரத்தில் ஒரு மெஸ்ஸில் ஏறினோம். இலை போட்டு, சாம்பார், ரசம், அவியல், கூட்டு, மோர். ஆளுக்கு 120 ரூபாய். அம்மா இரண்டாம் தடவை ரசம் வாங்கினாள், நாலு நாளில் அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டது அதுதான் முதல் முறை. அவியலைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் முனகியது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன். ரிசார்ட்டிலிருந்து குறுஞ்செய்தி: "உங்கள் மதிய உணவு தயாராக உள்ளது. குடும்பத்துடன் உண்டு மகிழுங்கள்."