"ஏற்கிறேன்" என்று அழுத்தியது யார்?

திருகோணமலையில் ஒரு வீட்டுக்குக் கணினி வாங்கினால், அதை முதன்முதலில் இயக்குபவர் பெரும்பாலும் அந்த வீட்டு ஆள் அல்லர். கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் தம்பி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை. மிச்சம் மீதியை லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ இணையம் வழியாக உள்ளே நுழைந்து மருமகன் சரிசெய்து கொடுப்பார். அப்பாவின் பெயரில் ஒரு கணக்கையும் அவர்களே திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்த முதல் அரைமணி நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. விண்டோஸ் 11 நிறுவி முடியும் தறுவாயில் தனியுரிமை அமைப்புகள் என்று ஒரு திரை வரும். இருப்பிடம், தொலைந்த கருவியைத் தேடுவது, கணினியின் இயக்கம் பற்றி அனுப்பும் தரவு, எழுதுவதையும் தட்டச்சு செய்வதையும் பற்றிய தரவு, நமக்கென்று பொறுக்கியெடுத்த பரிந்துரைகள், விளம்பர அடையாள எண் என்று வரிசையாக இருக்கும். அத்தனையும் 'ஆம்' என்ற நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கும். வேண்டாம் என்பவர் ஒவ்வொன்றாக இறங்கி மூட வேண்டும். எதையும் வாசிக்காதவருக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டு போனால் போதும். இன்னும் நாலு கணினி மேசையில் காத்திருக்கும்போது அந்தத் தம்பி எதைச் செய்வார்? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணினியில் நாளைக்கு எழுதப்போகிறவர், தேடப்போகிறவர், தன் நோயைப் பற்றி வாசிக்கப்போகிறவர் ஒருவர்கூட அந்த மேசைக்குப் பக்கத்தில் இல்லை. சம்மதித்தவர் ஒருவர், கண்காணிக்கப்படுவது ஒரு குடும்பம். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

என் சின்னம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். கருப்பையில் கட்டி இருப்பதாக மருத்துவர் சொன்ன அன்று, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், கூடத்தில் இருக்கும் கணினியில் அதைப் பற்றித் தேடி வாசித்திருக்கிறார். அடுத்த சில நாட்கள், மகன் சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள் தேடித் திறந்த பக்கங்களின் ஓரமெல்லாம் கருப்பைச் சத்திரசிகிச்சை விளம்பரங்கள். அவனோடு படிக்க வந்த பையன்களும் பார்த்திருக்கிறார்கள். "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று அவன் குசினியில் வந்து கேட்டபோது சின்னம்மாவுக்குக் கை ஓடவில்லையாம். நேரம் பார்த்துச் சித்தப்பாவிடம் முதலில் சொல்ல நினைத்திருந்த செய்தி அது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் வாசித்த பக்கத்துக்குள் ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரலும் இருந்திருக்கும். அது உலாவியில் குக்கி என்ற ஓர் அடையாளத்தை வைத்துவிட்டுப் போகும். அதே நிறுவனத்தின் நிரல் இருக்கும் வேறு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த அடையாளத்தை வாசித்து, 'இது அந்த உலாவி' என்று கண்டுகொள்ளும். அதற்குத் தெரிவது உலாவி மட்டும்தான். கணினிக்கு முன்னால் இருப்பது தாயா மகனா என்று தெரியாது. ஒரே கணினியை, ஒரே உலாவியைக் குடும்பமே பாவிக்கும் நம்முடைய வீடுகளில் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ஒருவருடைய இரகசியம் மற்றவருடைய திரையில் வந்து நிற்கிறது.

"ஒளிக்க எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அதை இந்த ஊரில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வைத்திருந்த காலம் நமக்கு மறந்துவிட்டதா? இரவு தங்க வந்த மாமாவின் பெயர் படிவத்தில் இல்லையே என்று விடியும்வரை விழித்திருந்தவர்கள் எதையும் ஒளிக்காதவர்கள்தான். விளம்பரக்காரரும் பொலிஸும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. நம்மைப் பற்றிய விபரம் யார் கையில் இருக்கிறது, அது நாளைக்கு எதற்குப் பயன்படும் என்று கொடுத்தவருக்கே தெரியாமல் போவது எந்தக் காலத்திலும் நல்லதற்கல்ல.

அது கைமாறாது என்று நம்புபவர்கள் அவாஸ்ட் கதையைக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் தாராளமாகப் போட்டிருந்த இலவச வைரஸ் தடுப்பு மென்பொருள் அது. பாதுகாப்புக்கென்று நம்பிப் போட்டவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விபரத்தை அந்த நிறுவனம் தன் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 இல் 16.5 மில்லியன் டொலர் கட்ட வைத்தது. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே சாதாரண வீட்டுக்குப் போதும். இலவசத் தடுப்பு மென்பொருள் இன்னமும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வேறு என்ன செய்யலாம்? வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனித்தனிப் பயனர் கணக்கு. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பிறகு பயர்பொக்ஸ் உலாவி. ஒரு தளத்தில் வைத்த குக்கியை இன்னொரு தளத்தில் வாசிக்கவிடாத ஏற்பாடு அதில் 2022 இலிருந்து இயல்பாகவே இருக்கிறது. அதோடு விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் நீட்சியைச் சேர்த்தால் சின்னம்மாவுக்கு நடந்தது அநேகமாக நடக்காது. குரோமில் இப்போது அந்த நீட்சியின் முழுப் பதிப்பு வேலை செய்வதில்லை. மறைநிலைச் சாளரத்தை நம்பி இருந்துவிட வேண்டாம். அது வீட்டுக்காரரின் கண்ணிலிருந்துதான் மறைக்கும். நாம் போகும் தளத்துக்கும் இணையச் சேவை தருபவருக்கும் நம் நடமாட்டம் தெரியும்.

முதல் நாள் 'ஆம்' ஆகிப்போனவற்றை விண்டோஸின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் இன்றைக்கும் மூடலாம். ஏற்கெனவே போன தரவை அழிக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வீட்டுப் பதிப்பில் 'கட்டாயம்' என்று குறித்த தரவு மட்டும் போய்க்கொண்டேதான் இருக்கும், அதை நிறுத்த வழி வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் உரிமையாளரால் நிறுத்த முடியாத ஓர் ஆளி (சுவிட்ச்) இருப்பதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

இதற்கு மருந்து என்று யூடியூபில் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுகிறார்கள். காசு கட்டாமல் களவாக விண்டோஸைச் செயற்படுத்தும் கருவிகளையும் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கண்காணிப்பைக் குறைக்கப் போய் முழுக் கணினியையும் ஊர் பேர் தெரியாதவரிடம் ஒப்படைக்கிற வேலை அது.

விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. நம் ஊரில் ஓடும் பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அப்படிப்பட்ட கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். அது இலவசம், நம்மைப் பற்றி ஒன்றும் அனுப்பாது, தமிழில் தட்டச்சும் செய்யலாம். அலுவலகக் கடிதங்களுக்குப் பாமினி வேண்டுமென்றால் அந்த எழுத்துருக் கோப்பைப் பிரதிசெய்து போட்டால் வேலை செய்கிறது. வேர்ட் கோப்புகளில் அட்டவணைகள் சிலவேளை இடம் மாறும். அதை மறைக்கப் போவதில்லை.

சம்மதம் என்பது சுதந்திரமாக, இன்னதற்கென்று, விபரம் அறிந்து, ஐயமில்லாமல் கொடுக்கப்பட வேண்டும் என்று இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு பற்றிய 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வரையறுக்கிறது. கடை மேசையில் வேறொருவர் அழுத்திய பொத்தான் இந்த நான்கில் எதற்குள் அடங்கும்?

அதனால் கணினி விற்கும், திருத்தும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் திரை வரும்போது வாங்க வந்தவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, வேண்டுமா என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதற்கென்று நூறு இருநூறு கூடக் கேட்டாலும் நான் சந்தோஷமாகத் தருவேன். வெளிநாட்டிலிருந்து சரிசெய்து கொடுப்பவர்கள், அம்மாவை வொட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். உப்புவெளி முதல் பாலையூற்று வரை மின்ட் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள். எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று கொண்டுவந்தால் போதும். கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதிசெய்து வைத்துவிட்டு வாருங்கள்.