விளக்கை அணைப்பதோடு முடிவதில்லை
‘மின்விளக்கை அணைப்பதும் துணிப்பை எடுத்துச் செல்வதுமே சாமானியரால் இயன்றவை, மற்றவை அரசின் பொறுப்பு’ என்று காலநிலை மாற்றம் பற்றிய உங்கள் கட்டுரை சொல்வதைக் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரத்தில் இருக்கும் எங்கள் சித்தூர் வட்டம், கேரளம் என்றாலே அடைமழை என்று நினைப்போர் நம்ப மறுக்கும் அளவுக்கு மழை குறைந்த பகுதி. ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரைக் கூழாங்கல்லும் மணலும் கரியும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றில் விடத் தொடங்கிய பிறகு, மாசியிலேயே வற்றிவந்த எங்கள் கிணற்றில் சித்திரையிலும் சில குடம் தண்ணீர் எடுக்க முடிகிறது. ஆனால் இது வறட்சியைத் தாங்கும் வழியே அன்றி, கரிம வெளியேற்றத்தைக் குறைக்கும் வழி அன்று. அதற்கு வயநாட்டின் மீனங்காடி ஊராட்சியைச் சொல்லலாம்: 2016-இல் கரிமச் சமநிலையை, அதாவது வெளியேறும் கரிமத்தின் அளவுக்கு மரங்களும் மண்ணும் உறிஞ்சிக்கொள்ளும் நிலையை, இலக்காகக் கொண்ட அவ்வூராட்சியில், உழவர் வளர்க்கும் மரங்களையே அடமானமாக ஏற்று, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் வந்தது; மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பித் தர வேண்டும். தொகை சிறிதுதான், மர வியாபாரி தரும் விலைக்கு அது ஈடாகாது. இருந்தாலும் இப்படியொரு திட்டம் வேண்டும் என்று கேட்பதற்குக் கிராம சபை என்ற இடம் நமக்கு இருக்கிறது. அங்கே தெருவிளக்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வருபவர்களில் நானும் ஒருவன்.