பேர் பலகைய படிக்கப் போகல சார், பிசிக்ஸ் படிக்கப் போறா

ஞாயித்துக்கிழமை காவேரிப்பட்டணம் மண்டபத்துல நடந்தது உங்கள்ல முக்காவாசி பேருக்குத் தெரியும், வீடியோ எல்லா குரூப்லயும் சுத்தியாச்சு. தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வரி: பிளஸ் டூ முடிச்ச ஒரு பாப்பா நம்மூரு கவர்மெண்ட் காலேஜ்ல பிஎஸ்சி பிசிக்ஸ் சேரப் போறேன்னா, மேடைல நின்ன ஒரு சார் சிரிச்சாரு. ஆனா அந்த சிரிப்பு மட்டும் காதுலயே நிக்குது. "நம்மூரு கவர்மெண்ட் காலேஜ்ல பிஎஸ்சி பிசிக்ஸா? முடிச்சிட்டு மாங்கா மண்டில கணக்கு எழுதப் போறியாம்மா"ன்னு மைக்ல கேட்டாரு பாருங்க. அந்தப் பாப்பாவோட அப்பா மாங்கா மண்டிலதான் எடை போடுறாரு. சாருக்கு அது தெரியாதாம். சரி, தெரியாதுன்னே வச்சுக்குவோம்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பிசிக்ஸ்ல மேல போகணும்னு நினைக்கிற புள்ளைக்கு பிஎஸ்சிங்கிறது நடுவுல வர்ற மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துல மெக்கானிக்ஸ், எலெக்ட்ரிசிட்டி, தெர்மோடைனமிக்ஸ், கொஞ்சம் குவாண்டம், இதுக்கெல்லாம் வேணுங்கிற கணக்கு, இது உள்ள எறங்கிருக்கான்னுதான் பாக்கணும். ஐஐடி எம்எஸ்சிக்கும், பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) எம்எஸ்சியும் பிஎச்டியும் ஒண்ணா சேந்த இன்டகிரேட்டட் பிஎச்டிக்கும் ஜாம்னு ஒரு நுழைவுப் பரீட்சை இருக்கு, பிஎஸ்சி படிக்கறவங்க எழுதுறது. 60 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். அதுல ஒரு கேள்விகூட உங்க காலேஜ் வாசல் கேட் பெருசா இருக்கான்னு வராது சார்.

இதை நான் எதுக்கு இவ்ளோ சூடா எழுதுறேன்னா, நானும் கவர்மெண்ட் காலேஜ்தான். பேரு வேணாம். எங்க லேப்ல வெளிச்சத்த பிரிச்சு அளக்குற ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒண்ணுக்கு ஏழு பேரு, பாதி நாள் ரீடிங் எடுக்காம போன வருஷ சீனியர் ரெக்கார்ட பாத்து எழுதினவன்தான் நான், ஒத்துக்குறேன். ஆனா ஒருநாள் டார்க் ரூம்ல சோடியம் லேம்ப் சூடாகி முடிஞ்சதும் எங்க சார் கிரேட்டிங்க, அதான் நெருக்கமா கோடு கீறின தகட்ட, வச்சு வெளிச்சம் வர்ற ஸ்லிட்ட குறுக்கி குறுக்கி, "இப்ப பாரு"ன்னாரு. ஒத்தை மஞ்சக் கோடுன்னு நினைச்சது ரெண்டா பிரிஞ்சு நிக்குது. அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். புத்தகத்துல நூறு தடவ படிச்ச நம்பர், கண்ணால பாத்தப்பதான் புல்லரிச்சுது. அன்னைக்குதான் எனக்கு பிசிக்ஸ் புடிச்சுது. அந்த சார் இல்லாத காலேஜ்ல லட்ச லட்சமா கட்டி ஏசி கிளாஸ்ல உக்காந்து என்ன பண்ண.

அதான் சொல்றேன், சீட்டு வாங்கறதுக்கு முன்னாடி டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு மத்தியானம் சும்மா போயிட்டு வாங்க. லேப் தொறந்திருக்கா, மூணாவது வருஷ புள்ளைங்க கைல கம்பி தடிமன் அளக்குற ஸ்க்ரூகேஜ் இருக்கா, இல்ல ரெக்கார்ட் மட்டும் இருக்கா. "உங்க சீனியர்ல யாராவது ஜாம் எழுதினாங்களாம்மா"ன்னு கேளுங்க. ஜாம்னா என்னன்னு திருப்பிக் கேட்டா அப்ப யோசிங்க, அதுக்கு முன்னாடி இல்ல.

"அப்ப ஐசர் கெடச்சாலும் போக வேணாங்கிறியா?" இத எப்படியும் ஒருத்தர் கேப்பீங்க. ஐசர்னா பிளஸ் டூ முடிச்சு சேர்ற, அறிவியலுக்குன்னே மத்திய அரசு நடத்துற காலேஜ். போகட்டும்ங்க, திருப்பதிலயே இருக்கு, நானே பஸ் ஏத்தி விடுறேன். ஆனா அதுக்கு அப்ளிகேஷன் பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது. இப்படி ஒண்ணு இருக்குன்னு நம்ம பக்கத்துல எத்தனை ஸ்கூல்ல சொன்னாங்க? மேடைல நின்னு சிரிச்சாரே, அவரு ஜனவரில வந்து சொல்லியிருக்கலாமே. ஜூன்ல வந்து சிரிக்கறதுக்கு மட்டும் டைம் இருக்கு.

சி.வி.ராமன் படிச்சது சென்னை பிரசிடென்சி. நட்சத்திர ஆராய்ச்சி பண்ண சந்திரசேகர் படிச்சதும் அதேதான், 1930ல பிஎஸ்சி ஆனர்ஸ் முடிச்சுட்டுதான் கேம்பிரிட்ஜ் போனாரு. ரெண்டு நோபல். அது கவர்மெண்ட் காலேஜ் சார். "அது அந்தக் காலம், அது பட்டணம்"னு சொல்லுவீங்க, சரி அதுல பாதி நியாயம் இருக்கு, விட்டுடறேன்.

விட முடியாதது வேற. நான் மூணாவது வருஷம் படிக்கறப்ப ஜாம்னு ஒரு பரீட்சை இருக்குன்னு எனக்கு ஜனவரிலதான் தெரிஞ்சுது. பரீட்சை பிப்ரவரில, அப்ளிகேஷன் அக்டோபர் வாக்குலயே முடிஞ்சிருந்துச்சு. கிருஷ்ணகிரில இருந்து பெங்களூரு ரெண்டு ரெண்டரை மணி நேரம், தக்காளியும் பூவும் தினமும் போயிட்டு வருது, இந்த ஒரு சேதி மட்டும் எனக்கு வந்து சேரல. நான் போயிருப்பேனான்னு தெரியாது. பரீட்சை முழுக்க இங்கிலீஷ், தமிழ் மீடியத்துல படிச்சவன், ஊத்திக்கிட்டுகூட இருக்கலாம். எழுதிப் பாத்து ஊத்திக்கிட்டிருந்தா இவ்ளோ வலிச்சிருக்காதுன்னு மட்டும் தெரியும். இப்ப பிளஸ் டூ புள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். ஆமா சார், கடைசில டியூஷன்தான். சிரிச்சுக்கோங்க.

பாப்பாவோட அப்பா நேத்து ராத்திரி மண்டி முடிஞ்சு போன் பண்ணாரு. "இந்தப் படிப்பே வேணாங்கிறா சார்"னாரு. சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஜவ்வாது மலைல இருக்குற காவலூர் வானாய்வு மையத்துக்குப் போறேன், அங்க இருக்குற 2.34 மீட்டர் டெலஸ்கோப்ப காட்டணும். மேகம் இல்லாம இருந்தா நல்லாருக்கும்.

அப்புறம் இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேடைல சிரிச்சவருக்கு அனுப்புறவங்க பாதிய வெட்டாம முழுசா அனுப்புங்க.