சேற்றில் நிற்கும் கழிகள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், பிளாக்வாட்டர் ஆறு கடலில் சேரும் இடத்தில் பிராட்வெல் என்று ஓர் ஊர். செட் என்ற துறவி 654 வாக்கில் அங்கே ஒரு சிற்றாலயம் கட்டினார், பாழடைந்த ரோமானியக் கோட்டையின் கற்களை எடுத்து. போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். என் மனசு போவது அதே கரையோரச் சேற்றில் நிற்கிற மரக்கழிகள் மேல்.

அவை மீன் பிடிக்க நட்ட வேலிகள். ஆலயத்துக்குப் பக்கத்தில் சேல்ஸ் பாயிண்டில் ஒன்று. முகத்துவாரத்துக்குள்ளே காலின்ஸ் கிரீக்கில் இன்னும் பெரியது, ஆயிரக்கணக்கான கழிகள். மரத்திலுள்ள கரிமத்தை அளந்து வயது கணித்ததில் 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போதுதான் காலின்ஸ் கிரீக் வெளியே தெரியும், அதுவும் கொஞ்ச நேரம்.

இரண்டு நீண்ட வேலிகள், அகன்ற வாய் கரையைப் பார்த்து, கூர்முனை கடலைப் பார்த்து. கழிகளுக்கு நடுவே மிலாறு, அதாவது வளையும் மெல்லிய குச்சிகள், வைத்துப் படல் பின்னியிருப்பார்கள். கடல் ஏறும்போது இரை தேடிக் கரைக்கு வந்த மீன், தண்ணீர் இறங்கும்போது படலை ஒட்டியே போய் முனையில் மாட்டும். அங்கே பறி, அதாவது மீன் சிக்கும் கூடை, இருக்கும். அயர்லாந்தில் ஷானன் கழிமுகத்துச் சேற்றில் அப்படி ஒரு பழைய பறியே கிடைத்திருக்கிறது.

இத்தனை கழி ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. மடமோ பண்ணையோ ஆள் வைத்துச் செய்திருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆனால் குளிரில் முழங்கால் சேற்றில் நின்று கழி இறக்கியவர் யார்? செட்டின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அந்த ஆளுக்கு இருப்பது இந்தக் கழி மட்டும்தான். அதனால்தான் இதை ஆலயத்துக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்கிறேன்.

பிற்பாடு ஆறுகளில் இந்த வேலிகள் படகுக்கு வழி விடாமல் அடைத்தன. 1215இல் மாக்னா கார்ட்டா என்ற அரச சாசனம் தேம்ஸ், மெட்வே ஆறுகள் உட்பட இங்கிலாந்து முழுக்க அவற்றை எடுக்கச் சொன்னது, கடற்கரையில் உள்ளவற்றைத் தவிர.

சரி, இப்போது என்ன அவசரம்? காற்றுப் புகாத சேறுதான் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இந்த மரத்தைக் காத்தது. எசெக்ஸ் கரையின் உவர்நிலத்தைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. அரிப்பு சேற்றை விலக்குவதால்தான் கழி நம் கண்ணுக்குப் படுகிறது. பட்ட நாளிலிருந்து அலையும் மரம் துளைக்கும் பூச்சியும் அதைத் தின்னத் தொடங்குகின்றன. கல் ஆலயம் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கும். பணமும் ஆளும் குறைவு என்றால், முதலில் சேற்றுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கழியையும் அளந்து, படம் பிடித்து, அதன் நுனியில் கோடரி சீவிய தடம் மழுங்குவதற்குள் எழுதி வைத்துவிடுங்கள்.