டைகர் டாங்க் ரசிகர்களுக்கு

ரெண்டாம் உலகப்போர் பத்தி பேச்செடுத்தா நம்மாளுங்க நேரா ஜெர்மனியோட டைகர் டாங்க், தளபதி ரோம்மல், வி-2 ராக்கெட்னு போயிடுவாங்க, கடைசியா ஒரு பெருமூச்சு விட்டுட்டு "ரஷ்யாவுல அந்த குளிர் மட்டும் இல்லேன்னா ஹிட்லர் ஜெயிச்சிருப்பான்"னு முடிப்பாங்க. கேட்டு கேட்டு சலிச்சுப்போச்சுங்க. அந்த குளிர் என்ன ஜெர்மன்காரனுக்கு மட்டுமா அடிச்சுது?

இதுல என் கட்சி ரொம்ப சிம்பிள். வருஷக்கணக்கா இழுக்கற போர்ல, இன்னைக்கு அழிஞ்சத நாளைக்கு திரும்ப கொண்டாந்து நிறுத்த முடிஞ்சவன் தான் ஜெயிப்பான். ஃபேக்டரில செஞ்சு குவிச்சா மட்டும் பத்தாது, சண்டை நடக்கற எடத்துக்கு அது போய் சேரணும். வீரம், மூளை, நல்ல ஆயுதம் எல்லாம் வேணும் தான், ஆனா அதெல்லாம் ரெண்டு பக்கமும் இருந்துச்சே.

அந்த குளிர் கதையவே எடுத்துக்கோங்க. 1941 ஜூன் 22 அன்னைக்கு ஜெர்மனி சோவியத்துக்குள்ள நுழையறப்ப கிட்டத்தட்ட 30 லட்சம் பேர், கூடவே சுமார் 6 லட்சம் குதிரை. ஆமா, குதிரை தான். பிரச்சாரப் படத்துல பான்சர் டாங்க் மட்டும் தான் காட்டுவாங்க, பின்னாடி பீரங்கிய இழுத்துட்டு வந்த குதிரைய காட்ட மாட்டாங்க. அப்புறம் தண்டவாளம். ரஷ்யாவோட கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற அகலம்) ஜெர்மனி கேஜ விட பெருசு, ஜெர்மன் ரயில் அப்படியே உள்ள போக முடியாது, தண்டவாளத்த கழட்டி கிட்ட கிட்ட போட்டுட்டே தான் முன்னேறணும். அக்டோபர்ல மழை வந்து ரோடெல்லாம் சேறானதும் லாரியும் நின்னுபோச்சு. குளிர் உடுப்பு இல்லாம செத்தாங்கன்னு சொல்றோமே, அதுல ஒரு பகுதி தயாராத்தான் இருந்துச்சு, போலந்துல ரயில்வே கிடங்குகள்ல கெடந்துச்சு. இருக்கற கொஞ்ச ரயில்ல குண்டு அனுப்பறதா, பெட்ரோல் அனுப்பறதா, கோட்டு அனுப்பறதான்னு வந்தப்ப கோட்டு பின்னாடி போயிடுச்சு.

அதே மாசங்கள்ல சோவியத் பக்கம் என்ன நடந்துச்சு? 1,500க்கு மேல பெரிய ஃபேக்டரிகள அப்படியே கழட்டி ரயில்ல ஏத்தி உரால் மலைப்பக்கமும் அதுக்கு அந்தாண்டையும் கொண்டு போயிட்டாங்க. கார்கிவ்ல டி-34ங்கற சோவியத் டாங்க செஞ்ச ஃபேக்டரி நிஷ்னி தாகில் போச்சு. செல்யாபின்ஸ்க் ஊருக்கே டாங்க் நகரம்னு பேரு வந்துடுச்சு. ஜனங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல, சோவியத்துல மொத்தம் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் செத்தாங்க, அத மறந்துட்டு வெறும் ஃபேக்டரி கணக்கு மட்டும் பேசினா அது அசிங்கம். ஆனா அந்த ஜனங்க கையில டாங்க் வந்து சேந்துட்டே இருந்துச்சு. டைகர் 1 மொத்தமா செஞ்சதே சுமார் 1,350 தான், டி-34 போர் முடியறதுக்குள்ள 50,000த்த தாண்டிடுச்சு. நேருக்கு நேர் நின்னா டைகர் தான் கெத்து, ஒத்துக்கறேன், ஆனா கியர்பாக்ஸ் போயி பாதி வழில நிக்கற கெத்த வச்சு என்ன பண்றது?

அமெரிக்கா பங்கும் பலருக்கு தெரியல. சோவியத்துக்கு 4 லட்சம் லாரியும் ஜீப்பும் அனுப்பினான். 1944ல செம்படை, அதாவது சோவியத் ராணுவம், ஜெர்மன்காரன தொரத்திட்டு அவ்ளோ வேகமா மேற்கால ஓடினதுக்கு அந்த அமெரிக்க ஸ்டூட்பேக்கர் லாரி பெரிய காரணம். (அதுக்காக அமெரிக்கா தான் ஜெயிச்சு குடுத்துச்சுன்னு கெளம்பாதீங்க, மாஸ்கோவையும் ஸ்டாலின்கிராடையும் காப்பாத்தின சமயத்துல அந்த உதவியில பெரும்பகுதி வந்தே சேரல.)

எண்ணெய் கதை தனி. 1942ல ஹிட்லர் சோவியத்தோட தெக்கால இருக்கற காக்கேசஸ் பக்கம் ஓடினதே அங்க பாகு ஊர்ல கெடைக்கற எண்ணெய்க்கு தான். மைக்கோப்ங்கற எண்ணெய் ஊர் வரைக்கும் போய் புடிச்சான், அங்க கெணறெல்லாம் சோவியத்காரன் ஏற்கனவே நாசம் பண்ணிட்டான். 1944 மே மாசத்துல இருந்து நிலக்கரில பெட்ரோல் எடுக்கற ஆலைங்க மேல குண்டு விழ ஆரம்பிச்சதும் ஜெர்மன் விமானங்க இருந்தும் பறக்க பெட்ரோல் இல்ல.

நமக்கு கிட்டக்க நடந்த உதாரணம் மணிப்பூர்ல இருக்கற இம்பால். 1944 மார்ச்ல ஜப்பான் தளபதி முதாகுச்சி சுமார் 85,000 பேரோட பர்மாவுல இருந்து சின்ட்வின் ஆத்த தாண்டி மலைக்காட்டுக்குள்ள வரான், கையில மூணு வாரத்துக்கு ரேஷன். அதுக்குள்ள இம்பால புடிச்சு பிரிட்டிஷ்காரன் கிடங்குலயே சாப்ட்டுக்கலாம்னு பிளான்! மூட்டை சுமக்கவும் வழில அடிச்சு சாப்பிடவும் ஆயிரக்கணக்குல மாடுங்கள ஓட்டிட்டு வந்தாங்க, பாதி ஆத்துலயும் பள்ளத்துலயும் போச்சு. பிரிட்டிஷ் பக்கம், பர்மாவோட மேற்குக் கரையில அரக்கான்ல இருந்த 5வது இந்திய டிவிஷனயே விமானத்துல தூக்கிட்டு வந்து எறக்கினாங்க, ரோடு அடைபட்டப்பவும் இம்பாலுக்கு சாப்பாடும் குண்டும் வானத்துல இருந்து வந்துட்டே இருந்துச்சு. இம்பாலுக்கு வடக்க கோஹிமாவுல நின்ன ஜப்பான் தளபதி சாட்டோ, பட்டினி கெடந்த தன் ஆளுங்கள பாத்துட்டு மேலிடத்து உத்தரவ மீறி பின்வாங்கினார். அவர நான் கோழைன்னு சொல்ல மாட்டேன், அந்தக் கூட்டத்துல கணக்கு தெரிஞ்ச ஆளே அவர் தான். ஜப்பான்காரனோட கூட வந்த நேதாஜியோட ஐ.என்.ஏ (இந்திய தேசிய ராணுவம்) வீரருக்கும் இதே கதி, பசி, மலேரியா, வயித்துப்போக்கு.

அதுக்கு முந்தி சயாம்ல (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் மரண ரயில் ஏன் போட்டான்? கடல் வழியா பர்மாவுக்கு சரக்கு அனுப்பினா நீர்மூழ்கிக் கப்பல் அடிச்சிடும்னு பயம். அதுக்காக 415 கிலோமீட்டர் காட்ட வெட்டினாங்க, மலேயா தோட்டங்கள்ல இருந்து இழுத்துட்டுப் போன நம்ம ஜனங்க பல்லாயிரம் பேர் அங்கயே செத்தாங்க. சப்ளைங்கறது ஏதோ போரடிக்கற சமாச்சாரம்னு நெனக்கறவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

"அப்போ வியட்நாம்ல அமெரிக்கா ஏன் தோத்தான், அவன்கிட்ட இல்லாத லாரியா"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அங்க அரசியல் காரணம் நெறைய இருக்கு, மறுக்கல. ஆனா ஹோ சி மின் பாதைய பாருங்க, வட வியட்நாம் லாவோஸ் காடு வழியா தெக்க சரக்கு அனுப்பின வழி அது. லாவோஸ் மேல மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டும் அமெரிக்காவால அந்த வழிய அடைக்க முடியல. வட வியட்நாம்காரங்க ராத்திரி குண்டு விழுந்த குழிய மூடினாங்க, விடியறதுக்குள்ள லாரி போச்சு, ரோடு அடைஞ்சா பக்கத்துல இன்னொரு ரோடு போட்டாங்க, கடைசில காட்டுக்குள்ளயே பெட்ரோலுக்கு பைப்லைன் வரைக்கும் போட்டுட்டாங்க.