பழைய குளிர்சாதனப் பெட்டி ‘சொதாய் கோமி’யில் சேராது

ஜப்பானில் வீட்டுப் பொருள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கடையில் கழிவுக் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி வாசலில் வைத்தால் நகராட்சி எடுத்துச் செல்லும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மெத்தை, அலமாரி, மேசை போன்றவற்றுக்கு, முன்பதிவு செய்தபின், அது பொருந்தும். ஆனால் ஏர் கண்டிஷனர், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி (உறைபெட்டி உட்பட), சலவை இயந்திரம் (துணி உலர்த்தி உட்பட) ஆகிய நான்கு வகைகளும் 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்சாதன மறுசுழற்சிச் சட்டத்தின் கீழ் வருவதால், அவை ‘சொதாய் கோமி’ எனப்படும் பெருங்கழிவாக ஏற்கப்படுவதில்லை. இதே சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் குழப்பம் வருவது இயல்புதான்.

அந்தப் பொருளை விற்ற கடையோ, அதற்கு மாற்றாகப் புதியதை விற்கும் கடையோ கட்டணம் பெற்றுக்கொண்டு பழையதை எடுத்துக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டுள்ளது. அப்படிப்பட்ட கடை இல்லாதவர்கள், அஞ்சலகத்தில் மறுசுழற்சிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அதற்கென ஒதுக்கப்பட்ட சேகரிப்பு இடத்துக்குத் தாங்களே கொண்டு செல்லலாம்.

சரிபார்க்க விரும்புவோர் தங்கள் நகராட்சியின், டோக்கியோவில் என்றால் தங்கள் வார்டின், இணையதளத்தில் பெருங்கழிவுப் பக்கத்தைத் திறந்து, ‘சேகரிக்கப்படாத பொருள்கள்’ என்ற பகுதியைப் பார்க்கலாம். இந்த நான்கும் அங்கே இருக்கும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும், பல ஊர்களின் பக்கங்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன.