வியன்னாவில் ஒரு படி அரிசி

(டிசம்பர் 24, மாலை நாலு மணி. வியன்னா நகரசபைக் கட்டடத்தின் எதிரே கிறிஸ்துமஸ் சந்தை. அதற்குள் இருட்டிக்கொண்டு வருகிறது. தூறல் வேறு. நாலாவது வருடமாக வந்திருக்கும் தம்பதி, ஆளுக்கொரு கோப்பை சூடான ‘பன்ச்’ பானத்தோடு நிற்கிறார்கள்.)

மாலதி: என்னங்க, பனி எங்கே?

சுந்தர்: வரும் மாலு. வானம் எப்படிக் கனத்துப்போய் நிற்கிறது பார்.

மாலதி: நாலு வருடமாக அப்படித்தான் நிற்கிறது. இது நம் ஊர் ஐப்பசித் தூறல். இதற்கு ரோமம் வைத்த பூட்ஸ் வேறு!

சுந்தர்: பனி கிடக்கட்டும். அந்த மரோனி வாசனையைப் பிடி, செஸ்ட்நட் கொட்டை. கரி அடுப்பில் சுட்டது.

மாலதி: சுட்ட பலாக்கொட்டை வாசனைதானே? எங்கள் பாட்டி அடுப்புச் சாம்பலில் புதைத்து எடுத்து, காசு வாங்காமல் கொடுப்பாள்.

சுந்தர்: உனக்கு ரசனை போதாது.

மாலதி: ரசனை என்று சொல்லித்தானே போன வருடம் ஸ்டெஃபன்ஸ்டோம் தேவாலயக் கோபுரத்தில் 343 படி ஏற்றினீர்கள்? மேலே போனால் ஒரே மூட்டம். பக்கத்தில் நின்ற உங்களையே தேட வேண்டியிருந்தது. பழனியில் ஏறியிருந்தால் பஞ்சாமிர்தமாவது கிடைத்திருக்கும்.

சுந்தர்: சரி, குடித்தாயிற்றா? கோப்பையைக் கொடு. திருப்பித் தந்தால் டெபாசிட் 5 யூரோ வரும்.

மாலதி: தர மாட்டேன். பூட்ஸ் மாதிரி எவ்வளவு அழகு! இதோடு ஐந்து. இன்னும் ஒன்று சேர்ந்தால் செட்.

சுந்தர்: இதில் காபி ஊற்றிக் குடித்தால் கடைசி வாய் கால்விரலில் மாட்டிக்கொள்ளுமே.

மாலதி: அது என் பாடு. போகிற வழியில் ஒரு கிலோ அரிசி வாங்கிவிடுங்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன்.

சுந்தர்: அரிசியா...

மாலதி: ஏன் முகம் இப்படிப் போகிறது?

சுந்தர்: இன்று 24 இல்லையா? மதியம் 2 மணிக்கே கடையெல்லாம் மூடியிருப்பார்கள். சட்டமே அப்படி.

மாலதி: நாளைக்கு?

சுந்தர்: கிறிஸ்துமஸ்.

மாலதி: நாளை மறுநாள்?

சுந்தர்: ஸ்டெஃபானிடாக். அதுவும் விடுமுறை.

மாலதி: மூன்று வருடம் வந்தும் இது தெரியாதா?

சுந்தர்: ஹோட்டலில் தங்கினோம், சாப்பாடு தானாக வந்தது. அடுப்போடு அறை எடுத்தால் சிக்கனம் என்றது நீ. ஆனால் எல்லாவற்றையும் மூடவில்லை. பூவும் மிட்டாயும் 6 மணி வரை விற்கலாம். கிறிஸ்துமஸ் மரம் 8 மணி வரைகூட விற்கலாம்.

மாலதி: மரத்தையா புளிக்காய்ச்சலில் பிசையப் போகிறீர்கள்?

சுந்தர்: கோபப்படாதே. இன்று ராத்திரி கிறிஸ்ட்கிண்ட் வரும். இங்கே பரிசு கொண்டுவருவது தாத்தா இல்லை, குழந்தை ஏசு. யார் கண்ணிலும் படாமல் வைத்துவிட்டுப் போய்விடும்.

மாலதி: அதனிடம் ஒரு கிலோ பொன்னி கேளுங்கள்.

(அப்புறம் ஒரு டிராம், ஒரு மெட்ரோ. ரயில் நிலையத்தில் ஒரு சின்னக் கடை திறந்திருந்தது. ஊரில் முன்யோசனை இல்லாத கணவர்கள் அத்தனை பேரும் அங்கே வரிசையில் நின்றார்கள். ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பினார்கள்.)

மாலதி: இது என்ன, குட்டையும் உருண்டையுமாக?

சுந்தர்: மில்ஷ்ரைஸ். பாலில் குழைய வேகவைத்து, பட்டைப் பொடி தூவிச் சாப்பிடுவார்கள். கடைசிப் பாக்கெட். ஒரு பாட்டியை முந்தி எடுத்தேன்.

மாலதி: பாயச அரிசியில் புளியோதரையா? களியாகிவிடும்!

சுந்தர்: மார்கழிதானே? திருவாதிரைக் களி என்று நினைத்துக்கொள். அடுத்த வருடம் பார், நிச்சயம் பனி...

மாலதி: பேசாமல் அந்தப் பூட்ஸை எடுங்கள். இந்த வீட்டில் ஆழாக்கு இல்லை. அரிசி அளக்கணும்.